ஒரே தொழிலில் லாபமும் நட்டமும்: எந்த விடை சரி?

வணிக நிர்வாகம் முதலாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே நிறுவனத்தின் எண்களைக் கணக்கியல் வகுப்பில் போட்டால் 7 லட்சம் லாபம் வருகிறது, பொருளியல் வகுப்பில் போட்டால் 1 லட்சம் நட்டம் வருகிறது. தேய்மானத்தை, அதாவது இயந்திரம் போன்றவற்றின் விலையில் ஆண்டுதோறும் செலவாகக் கழிக்கும் பங்கை, ஒரு வினாவில் கட்டாயம் கழிக்கச் சொல்கிறார்கள், இன்னொரு வினாவில் அதைத் தொட்டால் மதிப்பெண் போய்விடுகிறது. யார் சொல்வது சரி, தேர்வில் எதை எழுதுவது என்கிறார். சூத்திரத்தில் வந்த சந்தேகம்போலத் தோன்றினாலும் அவருடைய குழப்பம் அதற்கும் அடியில் இருக்கிறது: எது செலவு, எது செலவு அல்ல என்பதில் இரண்டு பாடங்களும் ஏன் ஒத்துப்போவதில்லை? சூத்திரங்களை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

தணிக்கை அலுவலகத்தில் பேரேடுகளைப் புரட்டியபடி சில காலம் இருந்தேன். பிறகு முதலாண்டு மாணவர்களுக்கு இந்த இரண்டு பாடங்களையும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய குழுமங்களின் கணக்குகள் என் துறை அல்ல. இங்கே சொல்பவை சிறு நிறுவனங்களுக்கும் பாடப்புத்தக வினாக்களுக்கும் பொருந்துபவை.

உங்கள் இரண்டு விடைகளுமே சரிதான். கணக்கியல் கேட்பது: இந்த ஆண்டு உண்மையில் என்ன நடந்தது, அதை வேறொருவர் ஆதாரம் பார்த்துச் சரிபார்க்க முடியுமா? பொருளியல் கேட்பது: நடந்ததற்குப் பதிலாக வேறு எதைச் செய்திருக்கலாம், அதைவிட இது மேலா? இப்படிக் கேள்விகள் வெவ்வேறாக இருக்கும்போது ஒரே விடை வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க், நிறுவனங்களின் மேற்செலவுகளைப் பற்றி (எந்த ஒரு பொருளோடும் நேராகச் சேர்க்க முடியாத பொதுச் செலவுகள்) 1923-ல் எழுதிய நூலிலேயே, வெவ்வேறு நோக்கங்களுக்கு வெவ்வேறு செலவுகள் என்று சொல்லிவிட்டார். நூறு ஆண்டுகள் கடந்த பிறகும் முதலாண்டு வகுப்பில் இது முதல் நாளிலேயே ஏன் சொல்லப்படுவதில்லை என்பது எனக்குப் புரிந்ததில்லை. இரண்டு பாடங்களையும் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு அறைகளில் நடத்துவதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உங்கள் வினாவின் எண்களை எடுத்துக்கொள்வோம். எந்த நாணயத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆண்டுக்கு 6,00,000 சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குகிறார். கையிலிருந்த 10,00,000-ஐ முதலாகப் போடுகிறார். அதை வைப்பில் போட்டிருந்தால் 8 சதவீதம், அதாவது 80,000 வட்டி கிடைத்திருக்கும். தன் சொந்தக் கட்டடத்தில் தொழிலை நடத்துகிறார்; வாடகைக்கு விட்டிருந்தால் ஆண்டுக்கு 1,20,000 வந்திருக்கும். விற்பனை 30,00,000. சரக்குக்கு 16,00,000, ஊழியர் சம்பளம் 5,00,000, மின்சாரமும் பிறவும் 1,00,000, தேய்மானம் 1,00,000. கணக்காளர் 30 லட்சத்திலிருந்து 23 லட்சத்தைக் கழித்து 7,00,000 லாபம் என்று எழுதுகிறார். பொருளியலாளர் அந்த 7 லட்சத்திலிருந்து விட்டுவந்த சம்பளம், வட்டி, வாடகை ஆகிய மூன்றையும் சேர்த்து 8,00,000 கழிக்கிறார். 1,00,000 நட்டம்.

கணக்காளருக்கு அந்த 8 லட்சம் தெரியாமல் இல்லை. அதற்கு ரசீது கிடையாது, யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, ஏட்டில் பற்று எழுதினால் எதிரே எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்ற கேள்விக்கும் விடை இல்லை. லூகா பச்சோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை, நடந்த கொடுக்கல் வாங்கல்களைப் பதிவதற்கு உருவான முறை. நடக்காத ஒன்றுக்கு அதில் இடமில்லை. இடம் இல்லாததும் நல்லதுதான். உரிமையாளர் தன் மனத்தில் தோன்றிய சம்பளத்தை எல்லாம் செலவாக எழுதலாம் என்றால், கடன் கொடுத்தவரும் வரி அதிகாரியும் அந்தக் கணக்கை நம்ப முடியாது. அவர்களுக்கு வேண்டியது 7 லட்சம் என்ற எண்தான். அந்த 1 லட்சம் நட்டம் யாருக்கு வேண்டும் என்றால், இரவில் படுத்தபடி 'இந்தத் தொழிலைத் தொடர வேண்டுமா?' என்று யோசிக்கும் உரிமையாளருக்கு.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் வகை, ஒன்றையே இரண்டு முறை எண்ணுவது. மேலே கட்டடத்தின் மதிப்பு அந்த 10 லட்சம் முதலுக்கு வெளியே இருப்பதாக எடுத்துக்கொண்டேன். வினாவில் 'கட்டடமும் சேர்த்து முதல் 25 லட்சம்' என்று இருந்தால், 25 லட்சத்துக்கும் வட்டி போட்டு, கட்டடத்துக்குத் தனியாக வாடகையும் போடக் கூடாது. கட்டடத்தை விற்றுப் பணத்தை வைப்பில் போடலாம், அல்லது வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாம்; இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கைவிட்ட வழிகளில் சிறந்த ஒன்றை மட்டும்தான் கழிக்க வேண்டும். அதேபோல் 10 லட்சத்தில் 4 லட்சம் வங்கிக் கடன் என்றால், அந்தக் கடனுக்குக் கொடுத்த வட்டி ஏற்கெனவே கணக்காளரின் செலவுக்குள் வந்துவிடும். மறைமுகச் செலவாக, அதாவது பணம் கொடுக்காமலே கைவிட்ட வருமானமாக, எண்ண வேண்டியது சொந்தப் பணமான 6 லட்சத்துக்கு மட்டும்.

இன்னொரு சறுக்கல் இதைவிட நுட்பமானது. விட்டுவந்த சம்பளம் 6 லட்சம் என்று வினாவில் இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் அதையே கழித்துக்கொண்டு போகிறார்கள். தொழிலைத் தொடரலாமா என்று இன்று முடிவெடுக்கும்போது, இன்று திறந்திருக்கும் வழிகள்தான் கணக்கு. பழைய வேலை இனி கிடைக்காது, இப்போது தேடினால் 4,50,000 சம்பளம்தான் கிடைக்கும் என்றால் மறைமுகச் செலவு 6,50,000 ஆகிறது, 1 லட்சம் நட்டம் 50,000 பொருளியல் லாபமாக மாறிவிடுகிறது. தொழிலில் ஒரு பைசாவும் மாறவில்லை, வெளியே இருக்கும் வாய்ப்பு மாறியதால் விடை மாறிவிட்டது. கணக்கியல் லாபத்துக்கு இப்படி நேராது. பொருளியல் லாபத்துக்கு இதுவே இயல்பு.

தேய்மானத்துக்கும் இதே கதைதான். ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையோ, மீதமுள்ள மதிப்பில் ஒரு சதவீதத்தைக் கழிக்கும் குறைந்து செல் மதிப்பு முறையோ, கணக்காளர் போடுவது வாங்கிய விலையைப் பயன்பாட்டுக் காலத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. இயந்திரத்தின் சந்தை விலை எவ்வளவு சரிந்தது என்று அது சொல்வதில்லை. பொருளியலாளர் கேட்பது ஆண்டின் தொடக்கத்தில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும், ஆண்டின் முடிவில் விற்றால் என்ன கிடைக்கும் என்பதை. அந்த வித்தியாசம் 1,50,000 என்றால் அவர் கணக்கில் அதுதான் தேய்மானம். பாடப்புத்தக வினாவில் மறுவிற்பனை விலை தரப்படாதபோது இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; அது வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இதுவரை சொன்னவற்றில் கணக்கியல் பக்கத்தில் சர்ச்சை அதிகம் இல்லை. பொருளியல் பக்கத்தில் வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் அடுத்த சிறந்த வழியின் மதிப்பு) என்ற கருத்து உறுதியானது, அதை அளப்பதுதான் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானது அல்ல. 2005-ல் பால் ஃபெராரோ, லாரா டெய்லர் என்ற இருவர் ஏறத்தாழ 200 பொருளியலாளர்களிடம் ஒரு சிறிய வினாவைக் கொடுத்தார்கள். எரிக் கிளாப்டன் இசை நிகழ்ச்சிக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது, அதை விற்க முடியாது. அதே இரவில் பாப் டிலன் நிகழ்ச்சி. உங்களுக்கு அடுத்த சிறந்த வழி அதுதான். அதற்கு டிக்கெட் 40 டாலர், நீங்கள் டிலனுக்காக 50 டாலர் வரை கொடுக்கத் தயார். கிளாப்டன் நிகழ்ச்சிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு 0, 10, 40, 50 ஆகியவற்றில் எது? எதிர்பார்த்த விடை 10: 50 டாலர் மதிப்புள்ள இன்பத்தை இழக்கிறீர்கள், 40 டாலர் மிச்சப்படுத்துகிறீர்கள், நிகர இழப்பு 10. சரியாகச் சொன்னவர்கள் 22 சதவீதத்துக்கும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே 25 சதவீதம் வந்திருக்கும். பின்னர் வேறு சிலர், இழந்த மதிப்பை மொத்தமாக எடுப்பதா நிகரமாக எடுப்பதா என்பது வரையறையைப் பொறுத்தது, பிற விடைகளையும் முழுத் தவறென்று தள்ள முடியாது என்று வாதிட்டார்கள். என் கருத்து: மொத்தமாக எடுத்தாலும் நிகரமாக எடுத்தாலும், மறுபக்கத்தில் பயனையும் அதே முறையில் எடுத்தால் முடிவு மாறாது. மாணவர்கள் செலவை மொத்தமாகவும் பயனை நிகரமாகவும் எடுக்கும்போதுதான் விடை கெடுகிறது. அதனால் இந்தக் கருத்தில் தடுமாறுகிறீர்கள் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இயல்பு லாபம், அதாவது உரிமையாளர் தொழிலை விட்டுப் போகாமல் இருக்கக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச ஈடு, என்பதிலும் புத்தகத்துக்குப் புத்தகம் சிறு வேறுபாடு இருக்கிறது. உரிமையாளரின் உழைப்பு, முதல் இரண்டுக்குமான ஈட்டை அதில் சேர்ப்பவர்கள் உண்டு. தொழில் முனைவுக்கும் ஆபத்தைச் சுமப்பதற்குமான ஈட்டை மட்டும் அந்தப் பெயரால் குறிப்பவர்களும் உண்டு. உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். பொருளியல் லாபம் பூஜ்யம் என்றால் தொழில் நொடித்துப்போகிறது என்று பொருளல்ல, வேறெங்கும் கிடைத்திருக்கக்கூடியது இங்கேயும் கிடைத்துவிட்டது என்றுதான் பொருள். இதில் மட்டும் எந்தப் புத்தகத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி உங்களைத் தேர்வில் உண்மையிலேயே அலைக்கழிக்கும் வகை வினாவுக்கு வருவோம். ஒரு தொழிற்சாலை மாதத்துக்கு 10,000 அலகுகள் செய்யக்கூடியது. இப்போது 8,000 செய்து, 8,000-ஐயும் ஒன்று 120 என்று விற்கிறது. ஒவ்வோர் அலகுக்கும் மாறும் செலவு, அதாவது உற்பத்தி கூடினால் கூடும் செலவு, 60. உற்பத்திக்கான நிலையான செலவு, எத்தனை அலகு செய்தாலும் மாறாதது, மாதம் 4,00,000. ஓர் அலகின் மேல் விழும் நிலையான செலவு 50, ஆக அலகுக்குச் செலவு 110, லாபம் 10, மாத லாபம் 80,000. இப்போது புதிய வாடிக்கையாளர் ஒருவர் 1,500 அலகுகளை 85 விலையில் கேட்கிறார். செலவு 110 ஆகும் பொருளை 85-க்கு எப்படிக் கொடுப்பது என்று பெரும்பாலோர் மறுத்துவிடுவார்கள். ஆனால் அந்த 110-க்குள் இருக்கும் 50, இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் செலவாகப்போகிற பணம். ஆர்டரால் புதிதாக ஏற்படும் செலவு 60 மட்டும். விலையில் மாறும் செலவு போக மிஞ்சும் பங்களிப்பு அலகுக்கு 25, மொத்தம் 37,500 கூடுதல் லாபம். ஏற்ற பிறகு 9,500 அலகுகளுக்கு சராசரிச் செலவைப் போட்டுப் பார்த்தால் 102 சொச்சம் வரும். அந்த 110 என்பது 8,000 அலகு என்ற ஓர் அளவில் மட்டும் உண்மையாக இருந்த எண். அளவு மாறியதும் அதுவும் மாறிவிட்டது. நிலையான செலவை அலகுக்கு இவ்வளவு என்று வகுத்து எழுதிய கணமே அது மாறும் செலவுபோல நடிக்கத் தொடங்கிவிடுகிறது. முதலாண்டுப் பிழைகளில் பாதி இந்த வகுத்தலில்தான் பிறக்கிறது என்பேன்.

அதே வாடிக்கையாளர் 3,000 அலகுகள் கேட்டு, முழுவதும் தந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் திறன் 2,000 மட்டுமே. வழக்கமான விற்பனையில் 1,000 அலகுகளைக் கைவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் 120-க்கும் 60-க்கும் இடையிலுள்ள 60 போகும். ஆர்டரின் பங்களிப்பு 75,000, இழப்பு 60,000, நிகர லாபம் 15,000. இந்த இடத்தில்தான் கணக்கியல் வினாவுக்குள் வாய்ப்புச் செலவு சத்தமில்லாமல் நுழைகிறது. கைவிட்ட 60,000-ஐ 3,000 அலகுகளுக்குப் பங்கிட்டால் அலகுக்கு 20. ஆக இந்த ஆர்டருக்கு நீங்கள் ஏற்கக்கூடிய மிகக் குறைந்த விலை 80. அதற்குக் கீழே போனால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இதெல்லாம் எண்களுக்குள் நின்று சொல்வது. பழைய வாடிக்கையாளர்கள் 85 விலையைக் கேள்விப்பட்டுத் தங்களுக்கும் அதே விலை வேண்டும் என்பார்களா, கைவிட்ட 1,000 அலகுக்காரர்கள் திரும்பி வருவார்களா என்பவற்றுக்குச் சூத்திரம் இல்லை. தேர்வில் கடைசியில் இதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நடைமுறையில் முடிவைப் புரட்டிப்போடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

நிலையான செலவைப் பங்கிடுவது முடிவெடுப்பவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, லாபநட்டக் கணக்கையும் வேடிக்கையாக்கும். அதே தொழிற்சாலை அடுத்த மாதம் 10,000 அலகுகள் செய்கிறது. விற்பனை அதே 8,000, அதே விலை. மீதி 2,000 கிடங்கில் இருக்கிறது. நிலையான செலவு இப்போது அலகுக்கு 40, மொத்த அலகுச் செலவு 100, விற்ற 8,000-ல் அலகுக்கு 20 லாபம். மாத லாபம் 1,60,000. ஓர் அலகுகூடக் கூடுதலாக விற்காமல் லாபம் இரட்டிப்பாகிவிட்டது! கூடுதல் 80,000 எங்கிருந்து வந்தது என்றால், 2,000 அலகுகளும் தலைக்கு 40 வீதம் நிலையான செலவைச் சுமந்துகொண்டு சரக்கிருப்பாக இருப்புநிலைக் குறிப்பில் போய் உட்கார்ந்துகொண்டன. சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2, உற்பத்தி சார்ந்த நிலையான மேற்செலவைச் சரக்கிருப்பின் மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே இது மோசடி அல்ல, விதிப்படி நடப்பதுதான். அந்தத் தரநிலை உற்பத்தி குறைந்த காலங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது: இயல்பான திறனை அடிப்படையாக வைத்தே பங்கிட வேண்டும், இயந்திரங்கள் சும்மா நின்றதன் செலவைச் சரக்கின் தலையில் கட்டக் கூடாது. சரக்கு விற்காமலே தேங்கிப் போனால், அதை விற்று நிகரமாக என்ன கிடைக்குமோ அந்த அளவுக்கு மதிப்பைக் குறைத்தாகவும் வேண்டும். அதுவரை லாபம் காகிதத்தில் இருக்கும், பணம் கிடங்கில் இருக்கும். உற்பத்தி மேலாளருக்கு மாத லாபத்தின் அடிப்படையில் ஊக்கத்தொகை கொடுக்கும் நிறுவனம் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்ப்பது நல்லது. மாறும் செலவை மட்டும் சரக்கில் ஏற்றும் முறையில் கணக்கிட்டால் லாபம் அதே 80,000-ல் நிற்கும். உள் நிர்வாகத்துக்கு அந்த முறை பயன்படும், வெளியே காட்டும் கணக்குகளுக்கு ஏற்கப்படாது.

தேய்மானத்தைத் தொடாதே என்று சொல்லும் வினாவும் இந்த வரிசையில் வருவதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் 5,00,000-க்கு வாங்கிய இயந்திரம். ஐந்து ஆண்டு ஆயுள், இறுதி மதிப்பு இல்லை, நேர்கோட்டு முறை. ஏட்டு மதிப்பு (வாங்கிய விலையில் இதுவரை கழித்த தேய்மானம் போக மீதி) இப்போது 2,00,000, ஆனால் சந்தையில் விற்றால் 50,000தான் கிடைக்கும். 3,00,000-க்கு ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது; மீதமுள்ள இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,60,000 இயக்கச் செலவை மிச்சப்படுத்தும், அதன் பிறகு அதற்கும் மதிப்பில்லை. மாற்றலாமா? மாணவர் முதலில் எழுதுவது பழைய இயந்திரத்தை விற்பதால் வரும் 1,50,000 நட்டத்தை. அதைச் சேர்த்தால் மாற்றுவது அசட்டுத்தனமாகத் தெரியும். இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றாவிட்டால் அந்த 2,00,000 ஏட்டு மதிப்பு இரண்டு ஆண்டுகளில் தேய்மானமாகக் கழியும். மாற்றினால் அதே 2,00,000 இன்றே ஏட்டிலிருந்து கழியும், கூடவே 50,000 ரொக்கம் கைக்கு வரும். இரண்டு பக்கமும் 2,00,000 இருப்பதால் அது முடிவைத் தீர்மானிக்க முடியாது, அடித்துவிடலாம். மீதி நிற்பவை: நிகரமாகக் கொடுப்பது 2,50,000, மிச்சமாவது 3,20,000. 70,000 லாபம், மாற்றலாம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைக் கணக்கில் எடுத்து, மிச்சமாகும் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அது 2,77,700-க்கு அருகில் வரும். அப்போதும் 27,700 அளவுக்கு லாபம் நிற்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்ட 5,00,000 இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மூழ்கிய செலவு என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். வரி வந்துவிட்டால் ஏட்டு மதிப்பு பின்வாசல் வழியாகத் திரும்பி வரும். வரிச் சட்டம் அந்த 1,50,000 விற்பனை நட்டத்தை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்து, வரி விகிதம் 30 சதவீதமாகவும் இருந்தால், 45,000 வரி இந்த ஆண்டே குறைகிறது. மாற்றாமல் இருந்தாலும் தேய்மானம் மூலம் பின்னால் வரி குறையும். ஆக இரண்டையும் ஒப்பிட வேண்டும். தேய்மானம் ரொக்கச் செலவு அல்ல, ஆனால் அதனால் குறையும் வரி ரொக்கம். இந்த விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வினாவில் வரி பற்றித் தந்திருந்தால் மட்டும் இதற்குள் போங்கள்.

லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. கடனுக்கு விற்றது விற்ற ஆண்டிலேயே வருமானம், இன்னும் கொடுக்காத கூலி உழைத்த ஆண்டிலேயே செலவு. ஆண்டிறுதியில் எழுதும் சரிக்கட்டுப் பதிவுகள் எல்லாமே இந்த ஒன்றைச் செய்வதற்குத்தான். அதேபோல் எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளைப் பட்டியலிடும் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் பதிவுகள் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பதிவையே முழுதாக விட்டிருந்தாலும், தவறான கணக்கில் சரியான தொகையை எழுதியிருந்தாலும் அது சமமாகத்தான் வரும்.

பயிற்சி செய்யும் முறை பற்றி ஒரு யோசனை. முடிவெடுக்கும் வினா எதுவானாலும் தாளை நெடுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்து, இடப்பக்கம் இப்போதைய நிலை, வலப்பக்கம் புதிய நிலை என்று முழு எண்களையும் எழுதுங்கள். இரு பக்கமும் ஒன்றாக இருப்பவற்றை அடியுங்கள். மிஞ்சுவதுதான் பொருத்தமான செலவும் வருவாயும். தொடக்கத்தில் நேரம் பிடிக்கும், நாலைந்து வினாக்களுக்குப் பிறகு எதை அடிக்க வேண்டும் என்பது எழுதாமலே தெரியும். மேலே உள்ள 1,500 அலகு ஆர்டரை இப்படி எழுதிப் பாருங்கள்: 4,00,000 இரண்டு பக்கமும் வந்து தானாக விழுந்துவிடும். நிலையான செலவைச் சேர்க்கக் கூடாது என்று மனப்பாடம் செய்த மாணவர், அந்த ஆர்டருக்காகவே 20,000-க்கு ஓர் அச்சுக்கருவி வாங்க வேண்டும் என்று வினா சொன்னால் அதையும் விட்டுவிடுவார். இரண்டு பத்தி எழுதியவருக்கு அது வலப்பக்கத்தில் மட்டும் நிற்பது கண்ணுக்குத் தெரியும்; 37,500 உடனே 17,500 ஆகிவிடும்.

தேர்வில் எதை எழுதுவது என்பதை வினாவின் கடைசி வரி சொல்லிவிடும். பதிவுகளை எழுதுக, கணக்கைத் தயாரிக்க, நிகர லாபம் காண்க என்றால் நடந்தவற்றை மட்டும் எழுதுங்கள். தேய்மானம் உண்டு, விட்டுவந்த சம்பளம் கிடையாது. பொருளியல் லாபம் காண்க என்றால் மறைமுகச் செலவுகளையும் கழியுங்கள். ஏற்கலாமா, மாற்றலாமா, தொடரலாமா என்றால் இரண்டு பத்திக்குப் போங்கள். வாங்கிய விலையும் ஏட்டு மதிப்பும் அங்கே பெரும்பாலும் உங்களைச் சோதிக்க வைத்த எண்கள். சில வினாக்கள் அரைகுறையாக இருக்கும்: மீதத் திறன் உண்டா என்று சொல்லியிருக்காது, முதல் முழுவதும் சொந்தப் பணமா என்று இருக்காது. அப்போது ஊகித்துக்கொண்டு பேசாமல் போட்டுவிடாதீர்கள். 'தொழிற்சாலையில் போதிய மீதத் திறன் உள்ளதாகக் கொள்ளப்படுகிறது' என்பதுபோல் விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். திருத்துபவர் வேறு அனுமானத்தை மனத்தில் வைத்திருந்தாலும் உங்கள் வழிமுறைக்கான மதிப்பெண்ணை மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.